சண்டிக் குதிரை என்னும் தீர்ப்பு

பந்தயக் குதிரைகளைப் பற்றி எழுதுவோர் வெற்றிகளைக் கூட்டித் தோல்விகளைக் கழித்துக் கணக்கு முடிப்பது வழக்கம். அவ்வழக்கமான கணக்குக்குள் அடங்காதது ஜப்பானிய நெடுந்தூரக் குதிரையான கோல்டு ஷிப்பின் வாழ்க்கை. 2009-இல் பிறந்த இச்சாம்பல் நிறக் குதிரை 28 பந்தயங்களில் ஓடி 13-இல் வென்றது. அவ்வெற்றிகளுள் ஆறு முதல்தரப் பந்தயங்களில் பெற்றவை. ஆயினும் அதன் பெயரைக் கேட்டதும் பலர் நினைவுக்கு வருவது ஒரு தோல்வியே.

2015 ஜூன் 28 அன்று ஹான்ஷின் மைதானத்தில் தகாரசுகா கினென் பந்தயம் நடைபெற்றது. முந்தைய ஈராண்டுகளிலும் அதனை வென்றிருந்த கோல்டு ஷிப், மூன்றாம் முறையும் வெல்லும் என மக்கள் நம்பினர். புறப்பாட்டுக் கூண்டின் கதவு திறந்த கணத்தில் அது பின்னங்கால்களை ஊன்றி எழுந்து நின்றது. மற்றவை பாய்ந்து சென்றபின் மெல்லப் புறப்பட்டு, பதினாறு குதிரைகளில் பதினைந்தாவதாக வந்து சேர்ந்தது. அதனை நம்பிக் கட்டப்பட்டிருந்த பணம் ஏறத்தாழ 1,200 கோடி யென். அத்தனையும் சில நொடிகளில் கரைந்தது.

“குணம் மட்டும் நன்றாயிருந்தால் இது எத்தனை பெரிய குதிரையாகியிருக்கும்!” என்பது பரவலான தீர்ப்பு. ‘அடியாத மாடு படியாது’ என்று கேட்டு வளர்ந்த நமக்கும் அது நியாயமாகவே படும். ஆனால், அத்தீர்ப்பு திறமையையும் குணத்தையும் இரு வேறு பொருள்களாகப் பிரித்து வைக்கிறது. கோல்டு ஷிப்பின் ஓட்டங்களோ அப்பிரிவினைக்கு இடம் தருவதில்லை.

2012-இல் சாட்சுகி ஷோ பந்தயத்தில் உட்புறத் தரை மழையால் கெட்டிருந்தது. மற்றவர்கள் அதனைத் தவிர்த்து வெளிப்புறமாகச் சென்றனர். கடைசியில் ஓடிவந்த கோல்டு ஷிப்பை ஜாக்கி உச்சிதா ஹிரோயுக்கி அந்தக் கெட்ட தரை வழியாகவே செலுத்தி வென்றார். அதே ஆண்டில் கியோட்டோவில் 3,000 மீட்டர் கிக்குகா ஷோ. அங்குள்ள மேட்டில் நிதானமாக ஏறி நிதானமாக இறங்க வேண்டும் என்பது அம்மைதானத்தின் பழைய பாடம். கோல்டு ஷிப் அம்மேட்டிலேயே வேகமெடுத்து முன்னேறி வென்றது. 2015-இல் 3,200 மீட்டர் தென்னோ ஷோவின்போது கூண்டுக்குள் நுழைய மறுத்தது. கண்ணைக் கட்டி உள்ளே கொண்டுசென்றார்கள். அன்றும் பின்தங்கிப் புறப்பட்டு, வெகு தொலைவிலிருந்தே விரைவைக் கூட்டி வென்றது. இரண்டே மாதத்தில் வந்ததுதான் அந்தப் பெருந்தோல்வி.

தந்தை ஸ்டே கோல்டும் முரட்டுக் குணத்துக்குப் பெயர்பெற்றதே. தாய்வழிப் பாட்டன் மெஜிரோ மக்வீன் தென்னோ ஷோவை 1991-இலும் 1992-இலும் வென்ற நெடுந்தூரக் குதிரை. முரட்டுத்தனமும் தாங்கும் வலிமையும் பிரிக்க முடியாத ஒரே இரத்தமாகவே வந்திருந்தன.

இதனால், சண்டித்தனமே மேதைமை என்று புகழ நாம் முற்படவில்லை. அதுவும் பிழையே. 2014-இல் பாரிசின் லோங்ஷாம் மைதானத்தில் பதினான்காவதாக வந்த ஓட்டத்தில் மேதைமையைத் தேடுவது வீண். நாம் சொல்ல விழைவது இதுவே: ‘கெட்ட குணம்’ என்பது குதிரையின் இயல்பைக் காட்டிலும் நம் எதிர்பார்ப்பைப் பற்றியே அதிகம் பேசுகிறது. எவ்வளவு பணம் கட்டப்பட்டது என்று அக்குதிரை அறியாது. நாம் வைத்த நம்பிக்கைக்கு அது ஒப்புதல் தந்ததும் இல்லை.

பத்தாண்டு கழித்து, 2025-இல், அதே ஹான்ஷினில், அதே தகாரசுகா கினென் பந்தயத்தில், அதன் மகன் மெய்ஷோ தபாரு தொடக்கத்திலேயே முன்னணிக்கு வந்து இறுதிவரை விட்டுக்கொடுக்காமல் வென்றது. தந்தை எழுந்து நின்ற நாளில் எல்லாம் முடிந்துவிட்டதென எழுதியோர் இதனை எந்தக் கணக்கில் சேர்ப்பர்? வீட்டிலும் வகுப்பறையிலும் படியாத பிள்ளைகளின் பெயருக்கு நேரே ‘வீண்’ என்று எழுதும் முன், நாமும் சற்றுப் பொறுப்பது நன்று.