வீங்காத கால்

யானைக்கால் விழிப்புணர்வு போஸ்டர் எதை எடுத்தாலும் ஒரே படம்தான்: தூண் மாதிரி வீங்கின ஒரு கால். ரெட்டியார்பாளையத்தில் சின்ன வயசுல சுவரில் பார்த்ததும் அதுதான், போன வாரம் இணையத்தில் தேடினப்போ வந்ததும் அதுதான். பயமுறுத்த நல்ல படம். நோயைப் புரிய வைக்க மோசமான படம்னு நான் நினைக்கிறேன்.

பல வருஷமா வீங்கிப்போன காலோடு இருப்பவரின் ரத்தத்தில் பெரும்பாலும் மைக்ரோஃபைலேரியா இருக்காது. வீக்கம், நிணநீர்க் குழாய்கள் கெட்டுப்போனதன் விளைவு. பரப்புகிறவர், அதே போஸ்டரை நின்று படித்துவிட்டுப் போகிறவராக இருக்கலாம். அவருக்கு வலி இல்லை, வீக்கம் இல்லை. ஆனா உள்ளே இருக்கும் புழு சராசரியா 6 முதல் 8 வருஷம் வாழ்ந்து, லட்சக்கணக்கில் நுண்புழுக்களை ஈனும். அவை பகலில் நுரையீரல் பக்கம் பதுங்கி, ராத்திரியில் தோலடி ரத்தத்துக்கு வரும். சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் கொசு கடிக்க வருவதும் ராத்திரிதான். அதனாலதான் சர்வேக்காரர்கள் அந்த நேரத்தில் கதவைத் தட்டி விரலில் குத்துகிறார்கள்.

நம்ம ஊருக்கு இது புதுசு இல்லை. 1975-ல் இங்கே தொடங்கின விசிஆர்சி, 1981 முதல் 1985 வரை கொசுவைக் கட்டுப்படுத்தியே யானைக்காலைக் குறைக்க முடியுமான்னு புதுச்சேரியில் செய்து பார்த்தது. பிறகு வழி மாறியது. 2004-லிருந்து நாடு முழுக்க, நோய் உள்ள பகுதிகளில் எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை டிஇசி மாத்திரை (கர்ப்பிணிகள், 2 வயசுக்குக் கீழே உள்ளவர்கள், கடுமையா உடம்பு சரியில்லாதவர்கள் தவிர).

இங்கேதான் போஸ்டர் கெடுக்குது. "என் கால் நல்லாத்தானே இருக்கு, எனக்கு எதுக்கு மாத்திரை?" வீங்கின காலை மட்டுமே காட்டினா இப்படித்தான் கேட்பாங்க. வாங்கின மாத்திரை அலமாரிக்குப் போயிடும். இன்னொண்ணு, விழுங்கின சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வரும். பெரும்பாலும் ரத்தத்தில் நுண்புழு சாவதால் வருவது அது. அதாவது, ஒண்ணும் இல்லைன்னு நினைத்தவருக்குள் இருந்திருக்கு! ஆனா தெருவில் பரவும் சேதி, "மாத்திரை போட்டா காய்ச்சல் வருது."

2015-க்குள் ஒழிப்போம் என்ற இலக்கு இப்போ 2027-ல் நிற்குது. பழி முழுக்க போஸ்டர் மேல இல்லை, தெரியும். இலங்கை 2016-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் சான்றை வாங்கிவிட்டது.

கால் வீங்கினவருக்கு வேண்டியது வேற போஸ்டர்: தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு ஈரமில்லாமல் துடைத்து, புண் வராமல் பார்த்துக்கொள்வது எப்படின்னு. மாத்திரைக்கான போஸ்டரில் ஒரு சாதாரணக் காலை வரையுங்கள். ராத்திரி, பாயில் படுத்திருக்கும் கால், மேலே ஒரு கொசு.