இணையத் தொலைபேசியின் துபாஷி

அலுவலகத்துக்கு இணையம் வழியாக வரும் அழைப்பு 32ஆவது நொடியில் அறுந்துபோகிறது. மறுபடி அழைத்தால் மறுபடியும் அதே 32ஆவது நொடி. துறையில் இருப்பவர்களுக்கு இதைக் கேட்டதுமே காரணம் பிடிபட்டுவிடும். இந்த முனை போனை எடுத்ததற்கு மறுமுனையின் ஒப்புதல் வந்து சேரவில்லை. அதற்காக, இணைய அழைப்புகளைத் தொடங்கி முடிக்கும் எஸ்ஐபி நெறிமுறை காத்திருக்கும் அவகாசம் 32 நொடி. நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் குரல் நமக்கு வருவதில்லை என்பது இன்னொரு பழகிப்போன புகார். இரண்டுக்கும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான். உள்ளே இருக்கும் போன் தன் முகவரியாக 192.168 என்று தொடங்கும் உள்முகவரியை எழுதி அனுப்பிவிடுகிறது. வெளியே இருப்பவர் யாரும் அந்த முகவரியைத் தேடி வர முடியாது.

இன்றைய எஸ்ஐபிக்கு அடிப்படையான ஆர்எஃப்சி 3261 என்ற இணையத் தரநிலை ஆவணம் 2002இல் வெளியானது. இரு முனைகளும் கூடியவரை நேராகப் பேசிக்கொள்ளும், நடுவிலுள்ள சர்வர்கள் வழி காட்டினால் போதும் என்ற நினைப்பு அதில் இருந்தது. நிஜத்தில் ஒவ்வொரு நிறுவனமும் ஃபயர்வாலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அந்த இடைவெளியில் பிறந்த கருவிதான் செஷன் பார்டர் கன்ட்ரோலர், சுருக்கமாக எஸ்பிசி. தரநிலைக் குழு கேட்டு வந்ததல்ல இது, சந்தை உண்டாக்கியது. அது என்னென்ன செய்கிறது, எங்கே நெறிமுறையின் கொள்கையை மீறுகிறது என்று குழு ஆர்எஃப்சி 5853இல் எழுதிவைத்தது 2010இல்தான்.

எஸ்பிசி அழைப்பை அப்படியே கடத்திவிடுவதில்லை. ஒரு பக்கத்து அழைப்பைத் தன்னிடமே முடித்துக்கொண்டு, மறுபக்கம் புதிதாக ஓர் அழைப்பைத் தொடங்குகிறது. சென்னைப்பட்டணத்தில் கிழக்கிந்தியக் கும்பினி வியாபாரத்தின் நடுவே நின்ற இருமொழித் தரகரான துபாஷியின் வேலை இது: இரு தரப்பும் அவரிடம்தான் பேச வேண்டும். உள்முகவரிகளை அழித்துத் தன் முகவரியை எழுதுவதால் மேலே சொன்ன இரு புகார்களும் தீர்கின்றன; உள்ளே எத்தனை சர்வர், அலுவலகத்தின் உள் இணைப்பகமான பிபிஎக்ஸ் எது என்பதும் வெளியே தெரிவதில்லை. குரலை டேட்டாவாக்கும் முறையான கோடெக் இருபுறமும் பொருந்தாவிட்டால் மாற்றியும் தரும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸை வெளித் தொலைபேசி வலையோடு இணைக்கும் டைரக்ட் ரவுட்டிங் முறைக்கு அங்கீகரிக்கப்பட்ட எஸ்பிசி கட்டாயம் என்பதால், பல நிறுவனங்களுக்கு வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை.

விற்பவர்கள் முதலில் பேசுவது பாதுகாப்பைப் பற்றி. அதில் நியாயம் உண்டு. எஸ்ஐபிக்கான 5060ஆம் போர்ட்டை இணையத்தில் திறந்துவைத்தால் தட்டிப் பார்க்கும் நிரல்கள் தேடி வந்துவிடும். அவற்றில் பேர்போன ஒன்று 'ஃப்ரெண்ட்லி-ஸ்கேனர்' என்று பெயர் சொல்லிக்கொண்டே வரும். சிநேகம் பெயரோடு சரி. பலவீனமான கடவுச்சொல் உள்ள ஓர் எக்ஸ்டென்ஷன் கிடைத்தால் போதும், அதன் வழியே அதிகக் கட்டணம் வாங்கும் வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகள் பறக்கும். அலுவலகம் பூட்டிக் கிடக்கும் வார இறுதியில் இதைச் செய்வது அவர்களுக்கு வசதி. எந்த ஐபி முகவரியிலிருந்து ஏற்பது, ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு, எந்த நாட்டு எண்களைத் தடுப்பது என்று எஸ்பிசியில் விதி போடலாம். போட்டால்தான் உண்டு. 1001 என்ற எக்ஸ்டென்ஷனுக்கு 1001 என்றே கடவுச்சொல் வைத்திருந்தால், அதைக் கொண்டு நுழைபவன் எஸ்பிசியின் கண்ணுக்கு நம்மூர் ஊழியன்தான்.

வேறொரு வகைத் தாக்குதலில் விதி போட்டும் பயனில்லை. 2021 செப்டம்பரில் கனடாவின் விஓஐபி.எம்எஸ் சேவையைப் பணம் கேட்டு மிரட்டியவர்கள் குப்பை டேட்டாவைக் கொட்டிப் பல நாள் முடக்கிப்போட்டார்கள். கோணலான எஸ்ஐபி செய்திகளை எஸ்பிசி உதறித் தள்ளும். ஆனால் இணைய இணைப்பே குப்பை டேட்டாவால் நிரம்பினால், நல்ல அழைப்பு அதன் வாசல் வரை வந்தால்தானே? அதைத் தடுக்க வேண்டிய இடம் இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் பக்கம்.

என் பெரிய குறை வேறு. அழைப்பைப் பிரித்துப் பார்த்துத் திருத்தும் உரிமைதான் எஸ்பிசியின் பலம், சிக்கலும் அதே உரிமையில்தான். அழைப்பவர் யார் என்று கையெழுத்திட்டு உறுதிசெய்யும் முறையை 2006இல் ஆர்எஃப்சி 4474 வகுத்தது. தொடர்பு முகவரி, அழைப்பு அடையாளம், செய்தியின் உடல் எல்லாவற்றையும் அந்தக் கையெழுத்து மூடியது. எஸ்பிசி மாற்றி எழுதுவதோ அவற்றையேதான். வழியில் ஒன்று குறுக்கிட்டாலும் கையெழுத்து செல்லாததாகிவிடும். முறை எடுபடவே இல்லை. 2018இல் ஆர்எஃப்சி 8224 கையெழுத்தின் பரப்பைச் சுருக்கி, அழைப்பவர் எண், பெறுபவர் எண், நேரம் ஆகியவற்றை மையமாக்கியது. 2021 ஜூன் 30 முதல் அமெரிக்காவின் பெரிய தொலைபேசி நிறுவனங்களுக்குக் கட்டாயமான, அழைப்பவர் எண்ணை உறுதிசெய்யும் ஸ்டிர்-ஷேக்கன் முறை இதன்மேல் நிற்பதுதான். காவலுக்கு வைத்த கருவிக்காக முத்திரையைச் சிறிதாக்க வேண்டி வந்தது.

மறையாக்கத்திலும் இதே கதை. அழைப்புச் செய்திகளை மறைக்கும் டிஎல்எஸ், குரலை மறைக்கும் எஸ்ஆர்டிபி என்று விளம்பரத்தில் இருக்கும். எஸ்பிசி வரை அது உண்மை. அங்கே பூட்டு திறக்கப்பட்டு, உள்வலையில் குரல் மறைக்கப்படாமல் ஓடுவது பல இடங்களில் வழக்கம். அழைப்பைப் பதிவுசெய்ய வேண்டிய நிறுவனத்துக்கு இது வசதிதான். ஆனால் எஸ்பிசியைக் கைப்பற்றுபவனுக்கு அலுவலகத்தின் வெளிப்பேச்சு முழுவதும் ஒரே இடத்தில் கிடைக்கும். அதன் சான்றிதழ் காலாவதியானாலே டிஎல்எஸ் வழி அழைப்புகள் நின்றுபோகும். அதற்கு எதிரி யாரும் தேவையில்லை.

பழுது பார்ப்பதும் கடினமாகிறது. எஸ்பிசியின் இருபுறமும் அழைப்பு அடையாளம் வேறுவேறாக இருப்பதால், சேவை நிறுவனத்தின் பதிவையும் நம் பதிவையும் நேரத்தை வைத்துத்தான் ஒட்டிப் பார்க்க வேண்டும். பழி இங்கேயும் அங்கேயும் பந்தாடப்படும்.

பத்து போன் உள்ள சிறு அலுவலகம் சொந்தமாக எஸ்பிசி வாங்குவது வீண் செலவு. பெரும்பாலும் சேவை நிறுவனத்திடம் இருப்பதே போதும். கால் சென்டரும் வங்கியும் அது இல்லாமல் இருக்க முடியாது. உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், வெளிநாட்டு எண்களுக்கான தடை விதியைக் கடைசியாக யார், எப்போது திருத்தினார்கள் என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன் கேட்பது நல்லது.