பாட்டில் பேசுவது யார்?

விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தேர்வு எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது. தமிழ்த் தாளில் ஒரு பாட்டைக் கொடுத்து ‘நயம் பாராட்டுக’ என்றால் போதும், பாட்டை முழுதாக வாசித்து முடிக்கும் முன்பே விடைத்தாளில் தலைப்புகள் வரிசை கட்டிவிடும்: திரண்ட கருத்து, மையக்கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம், சுவை. மோனைக்கு யானையை வைத்து ஒரு வாசகம், எதுகைக்கு வைகையை வைத்து ஒரு வாசகம். இரண்டும் எந்தப் பாட்டுக்கும் பொருந்தும். பாட்டைப் படிக்காமலே பாதி மார்க் வாங்கிவிடலாம். வாங்கியும் இருக்கிறார்கள்.

மார்க் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிப் பிள்ளையைப் படிக்கவைத்த அம்மாவுக்கு அந்த மார்க் எவ்வளவு பெரியது என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த எட்டுத் தலைப்பும், ஒருத்தி கழுத்திலும் காதிலும் என்னென்ன நகை கிடக்கிறது என்று எண்ணிப் பார்க்கிற வேலை. அவள் யார், இவ்வளவு காலையில் யாரைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை.

பழைய ஆட்கள் அதைத்தான் முதலில் கேட்டார்கள். சங்க அகப்பாட்டுகளின் கீழே ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். யார் கூற்று, யாரிடம் சொன்னது, எந்தச் சமயத்தில் சொன்னது என்று அதில் இருக்கும். பாடப்புத்தகத்தில் நாம் அவசரமாகத் தாண்டிப் போகிற வரி அது. ஒரு வேலை செய்து பாருங்கள். குறுந்தொகையில் ஏதாவது ஒரு பாட்டை எடுத்து, அந்தக் குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு, தலைவி சொல்வதாக ஒருமுறை வாசியுங்கள். பிறகு தோழி சொல்வதாக வாசியுங்கள். அதே சொற்கள்தான். ஆனால் முதலில் அழுகையாகக் கேட்டது இரண்டாம் முறை குத்திக்காட்டலாகக் கேட்கும். கவிதை வாசிக்கப் பழகுகிறவர்களுக்கு நான் கொடுக்கும் கேள்விகள் மூன்றுதான். பேசுவது யார்? கேட்பது யார்? சொல்ல வந்து சொல்லாமல் விட்டது எது?

இந்தக் கேள்விகளைப் போட்டுப் பார்க்க வெளியூர்ப் புலவரைத் தேட வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் இருக்கிறாள்.

மார்கழி முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டுத் திருப்பாவையின் முப்பது பாசுரங்களும் நம் காதில் ஒரே குரலாகப் படிந்துவிட்டன. அது ஒரே குரல் கிடையாது. 6 முதல் 15 வரையுள்ள பத்துப் பாசுரங்களும் வீடு வீடாகப் போய்த் தூங்குகிற தோழிகளை எழுப்புபவை. ஒரு வாசலில் கெஞ்சல், ஒரு வாசலில் கேலி, இன்னொரு வாசலில் ‘உங்கள் வீட்டு ஆள் ஊமையா, செவிடா’ என்கிற தோரணையில் ஒரு அதட்டல். பதினைந்தாவதில் உள்ளே படுத்திருப்பவளும் பதில் பேசுகிறாள். யார் எந்த வரி என்று பாட்டுக்குள் பெயர் போட்டிருக்காது. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பில் இரண்டு பேரை எழுப்பி, ஒருத்தி வாசலிலும் ஒருத்தி வீட்டுக்குள்ளும் என்று வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் குரல் மாறுகிறது என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைதான் பாடம்.

அவளுடைய இன்னொரு நூலான நாச்சியார் திருமொழிக்கு இந்த ஒலிபெருக்கி அதிர்ஷ்டம் இல்லை. 143 பாசுரங்களில், கல்யாண வீட்டில் பாடும் வாரணமாயிரம் பதிகத்தைத் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலோர் காதில் விழுவதில்லை. அதன் ஏழாம் திருமொழியை எடுத்துக்கொள்வோம். பத்துப் பாசுரங்கள். பேசுவது ஆண்டாள். கேட்பது மனிதர் யாருமில்லை, திருமால் கையில் இருக்கிற சங்கு. அவன் வாயில் வைத்து ஊதுகிற சங்கு என்பதால் அதனிடம் விசாரிக்கிறாள். அவன் வாய் கற்பூரம் மணக்குமா, தாமரை மணக்குமா, தித்திக்குமா என்று கேட்கிறாள்.

முதல் வாசிப்பில் இது அழகான பக்திக் கேள்வி. இப்போது மூன்றாவது கேள்வியைப் போடுங்கள். எதைச் சொல்லாமல் விட்டாள்? தனக்குத் தெரியாது என்பதைச் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தக் கேள்விக்குள்ளேயே அவளுடைய நிலைமை முழுக்க இருக்கிறது. அடுத்தடுத்த பாசுரங்களில் சங்கின் பூர்வீகத்தை இழுக்கிறாள். கடலில் பிறந்தாய், ஒரு அசுரன் உடம்பில் வளர்ந்தாய், அப்படிப்பட்ட நீ அவன் கையில் ஏறிவிட்டாயே என்கிறாள். வெளியே பார்த்தால் பாராட்டு. நம் தெருவில் ஒருத்தி இன்னொருத்தியின் அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசுகிற தொனியில் வாசித்துப் பாருங்கள், என்ன பாராட்டு என்று புரியும். ஒன்பதாவதில் பொறுமை போய்விடுகிறது. பதினாறாயிரம் தேவிமார் பார்த்துக்கொண்டிருக்க நீ ஒருவனே அவன் வாயமுதை உண்டால் சண்டை வராதா என்று கேட்டேவிடுகிறாள். பொறாமை என்ற சொல்லைப் போட்டு எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்து, அதோடு செத்தும் போயிருக்கும்.

இது பக்தியா, காதலா என்று வகுப்பில் கேள்வி வரும். வரட்டும். எந்தப் பதில் சொன்னாலும் ‘எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய்?’ என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். கவிதைக்கு அவரவர் மனம்போல் பொருள் கொள்ளலாம் என்பது சோம்பேறிகளின் வசதி. பாட்டில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்ட முடிந்தால் அது வாசிப்பு.

அடுத்து காது. யாப்பு என்றாலே பிள்ளைகள் முகம் சுருங்குகிறது. பத்தாம் வகுப்பில் குறளை அலகிட்டு வாய்பாடு எழுதச் சொல்லும்போது அதைக் கணக்காகவே செய்து முடிக்கிறார்கள். குறளுக்கு முன்னால் ஊர்ப்பெயர்களை அலகிட்டுப் பார்க்கலாம். சாத்தூர் தேமா. திருச்சுழி கருவிளம். சிவகாசி புளிமாங்காய். விருதுநகர் கருவிளங்காய். இந்த நாலும் வெண்பாவுக்குள் தாராளமாக வரும். ராஜபாளையம் கூவிளங்கனி. வெண்பாவில் கனிச்சீருக்கும் நாலசைச் சீருக்கும் இடமில்லை, ஆகவே ராஜபாளையத்துக்காரர் தம் ஊரை ஒரே சீராக வெண்பாவில் வைக்க முடியாது. அருப்புக்கோட்டை நாலசை, அதற்கும் அதே கதி. பட்டாசுப் பெயர்களில் சங்குசக்கரமும் கூவிளங்கனி, அதற்கும் கதவு அடைப்பு. மத்தாப்பும் புஸ்வாணமும் தேமாங்காய், உள்ளே வரலாம். அரை மணி நேரம் இப்படி விளையாடினால் நேரும் நிரையும் வாய்பாட்டுப் பட்டியலிலிருந்து இறங்கி நாக்குக்கு வந்துவிடும்.

விளையாட்டு முற்றினால் ஒரு குறள் வெண்பாவே கட்டிப் பார்க்கலாம். இந்தக் கட்டுரைக்காக நான் கட்டியது:

காட்டுக்கு வேண்டும் மழையென்பாள் பாட்டியவள்
வீட்டுக்கு வேண்டும் வெயில்.

தளை தட்டவில்லை, கடைசிச் சீர் மலர். காட்டு, வீட்டு என்று எதுகை இருக்கிறது. இரண்டாம் அடி முழுக்க வகர மோனை. தேர்வில் இதோடு நிறுத்திவிடலாம். ஆனால் கரிசல் வட்டாரத்தில் காடு என்றால் மானாவாரி நிலம் என்று தெரிந்தவருக்கே முதலடி புரியும். மழை பெய்தால் பட்டாசு காயாது, ஆலையில் வேலை இருக்காது, மகள் வீட்டில் உட்கார வேண்டும் என்று தெரிந்தவருக்கே இரண்டாம் அடி புரியும். பாட்டி வானத்தைப் பார்த்து எதைக் கேட்பாள்? குறையும் சொல்லிவிடுகிறேன். ‘பாட்டியவள்’ என்பதில் ‘அவள்’ தளைக்காகத் திணித்தது. பாட்டி என்று சொன்ன பிறகு அவள் எதற்கு? யாப்பில் எழுதுகிறவர்களின் சரக்கு இந்த மாதிரி இடங்களில்தான் தெரியும். பழைய பாட்டுகளிலும் அந்தக் கண்ணோடு தேடிப் பாருங்கள். நல்ல புலவரிடம் சும்மா உட்கார்ந்திருக்கிற சொல் கிடைப்பது அரிது.

யாப்பு இல்லாத கவிதை 1930களில் மணிக்கொடியில் ந. பிச்சமூர்த்தியோடு தொடங்கி, 1959இல் சி.சு. செல்லப்பா ஆரம்பித்த ‘எழுத்து’ பத்திரிகையில் நிலைபெற்றது. தளை போன பிறகு அங்கே காதுக்கு வேலை அதிகமாகிறதே ஒழியக் குறைவதில்லை. வரி எங்கே ஒடிகிறது, ஏன் அங்கே ஒடிகிறது என்று கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். இந்த மண்ணின் பேச்சு புதுக்கவிதையில் எப்படி உட்காருகிறது என்று பார்க்க, மல்லாங்கிணறில் பிறந்த தமிழச்சி தங்கபாண்டியனின் ‘எஞ்சோட்டுப் பெண்’, ‘வனப்பேச்சி’ தொகுப்புகளை நூலகத்தில் கேளுங்கள்.

இனி எழுதுவது. சிவகாசிப் பக்கத்துக் கவியரங்க மேடைகளுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. கவிதையைப் பட்டாசோடும், கவிஞரைத் திரியோடும் ஒப்பிடுவதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாம். இன்னொன்று இதைவிட முக்கியம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ விபத்துகள். ஒவ்வொரு விபத்துக்கும் மாணவர் நோட்டில் ஒரு கவிதை பிறக்கிறது. ‘கருகிய மொட்டு’, ‘கண்ணீர்த் திரி’, ‘என்று விடியும்?’. துக்கம் உண்மைதான், ஆனால் சொற்கள் இரவல். இந்தச் சொற்கள் எந்த ஊர்த் துயரத்துக்கும் பொருந்தும், அந்த யானை வாசகம் மாதிரியே.

பட்டாசு வேலை செய்கிற வீட்டுப் பிள்ளை ஒன்று எழுதினால் எப்படியிருக்கும் என்று நான் யோசித்து எழுதிய வரிகள் இவை:

சென்னையிலிருந்து வந்த அத்தை
அம்மாவின் கையைப் பார்த்துக் கேட்டாள்
“மஞ்சள் அரைச்சியளா மதினி?”
அம்மா ஆமாம் என்றாள்.
நான் சோப்பை எடுத்துக்கொண்டு
குழாயடிக்குப் போனேன்.

கந்தகம் என்ற சொல் இதில் எங்கும் வரவில்லை. சென்னைக்குப் போய்விட்ட அத்தைக்கு மஞ்சள் நிறம் என்றால் சமையல்தான் நினைவுக்கு வருகிறது. அம்மா ஏன் மறுக்கவில்லை? வெட்கமா, நாத்தனாரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்கிற வீம்பா, விளக்கிச் சொல்ல அலுப்பா? ‘ஆமாம்’ என்ற ஒரு சொல்லில் மூன்றும் நிற்கின்றன. கடைசி இரண்டு வரி வேண்டுமா என்று வகுப்பில் வாக்கெடுப்பு நடத்துங்கள். நானாக இருந்தால் அடித்துவிடுவேன். பிள்ளையின் வெட்கத்தைக் காட்டப்போய் அம்மாவின் ‘ஆமாம்’ மங்கிவிடுகிறது. வேண்டும் என்று வாதாடுகிறவருக்கும் நியாயம் இருக்கிறது. பேசுவது பிள்ளைதானே, அது என்ன செய்தது என்று தெரிய வேண்டாமா என்பார்கள்.

எழுதிப் பழக ஊரிலேயே தாள் கிடைக்கிறது. ஆடி 18 அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுகிற ஊர் சிவகாசி. கிழித்த தினசரித் தாளின் பின்பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். அன்று பார்த்த ஒன்றை அந்த அளவுக்குள் எழுதி முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நீட்டி முழக்குகிற பழக்கம் தானாகக் குறையும். அதில் நாளுக்கு ஒரு தடை போட்டுக்கொள்ளலாம். இன்று ‘போல’ கிடையாது, நாளை ‘கண்ணீர்’ கிடையாது என்று.

வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய ஆமுக்தமால்யதா, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையைச் சொல்கிற காவியம். பக்கத்து ஊரான ராஜபாளையத்தைச் சேர்ந்த மு.கு. ஜகந்நாத ராஜா அதைத் தமிழில் மொழிபெயர்த்தார், அதற்குச் சாகித்ய அகாடமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் பெற்றார். நீங்கள் எதிர்த்திசையில் போய், தமிழ்ப் பாட்டு ஒன்றைப் பாட்டியிடம் வீட்டுத் தெலுங்கில் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் திணறுகிறீர்களோ, அந்த இடத்தில்தான் பாட்டின் சூட்சுமம் இருக்கிறது. ஒரு பக்க உரையை விட இது வேகமாக வேலை செய்யும்.

தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடத்திட்டம் முடிய வேண்டும், ரிவிஷன் டெஸ்ட் வைக்க வேண்டும், எல்லாம் தெரிந்ததுதான். வாரத்தில் ஒரு பாடவேளையை மட்டும் விட்டுக்கொடுங்கள். பாட்டை நீங்கள் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள், பிள்ளை ஒன்று மறுமுறை வாசிக்கட்டும். பேசுவது யார் என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பாடவேளையில் கரும்பலகையில் எதுவும் எழுதிப்போட வேண்டாம், நோட்டில் திருத்தவும் வேண்டாம்.