எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

சிறுவர் பாதுகாப்புப் பற்றிய அறிக்கைகளைப் படிக்கையில் தமிழ் கற்பிப்போர்க்கு ஓர் இலக்கணக் குறை உறுத்தும். பிள்ளைகள் பாதுகாக்கப்படுவர், குழுக்கள் அமைக்கப்படும் என்ற பாங்கில் செயப்பாட்டு வினைகளே அணிவகுத்து நிற்கின்றன. பாதுகாப்பவர் யார், தவறினால் யாரைக் கேட்பது? விடை இல்லை. (நம்மவர் நிறைவேற்றும் தீர்மானங்களிலும் இந்நடை புகுந்துவிட்டது.) இது நடைக்குறை மட்டுமன்று, அரசியல்.

வன்னியின் அனுபவத்தில் இதனை உரைத்துப் பார்க்கலாம். போரினாற் பாதிக்கப்பட்ட சிறுவர்க்கான செயற்றிட்டம் ஒன்றுக்கு 2003இல் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் உடன்பட்டன, யுனிசெஃப் துணைநின்றது. படையினின்றும் விடுபடும் சிறுவர்க்கெனக் கிளிநொச்சியில் இடைத்தங்கல் நிலையமும் திறந்தனர். ஆயினும் பிள்ளைபிடிப்பு நிற்கவில்லை. போரின் இறுதி மாதங்களில் அது பதுங்குகுழி வரை வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அத்திட்டத்தில் முறைப்பாட்டாளர் மட்டுமே. கையொப்பமிட்டோரைக் கேள்வி கேட்கும் வலு அவளுக்கு இருக்கவில்லை.

வேறொரு கூட்டுறவையும் இம்மண் கண்டது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை ஒடுக்கப்பட்ட மக்களிடையே அரசாங்க வைத்தியர்களும் சுகாதார ஊழியர்களும் பணிபுரிந்தனர். ஊரவர் கஞ்சி காய்ச்சிப் பிள்ளைகளுக்கு வார்த்தனர். அதற்கு உடன்படிக்கை ஏதும் இல்லை. ஏப்ரல் 8ஆம் நாள் பொக்கணையில் பால்மாவுக்குக் காத்துநின்ற தாய்மாரும் குழந்தைகளும் எறிகணை வீச்சில் மாண்டனர். அரசின் ஊழியர் காயத்துக்கு மருந்து கட்ட, அரசின் படை எறிகணை ஏவிற்று. ‘அரசு’ என்ற ஒற்றைச் சொல்லை எழுவாயாக வைத்து எழுதுவோர் இந்த முரண்பாட்டைச் சிந்திப்பாராக.

1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையைத் தந்தது. 1929 என்ற தொலைபேசி இலக்கமும், பிரதேச செயலகங்களில் அலுவலரும், கிராமங்களிற் சிறுவர் அபிவிருத்திக் குழுக்களும் உண்டு. இவற்றை இகழ்வது பேதைமை. ஆனால் சீருடை தரித்தோர் வீட்டு விபரம் கேட்டெழுதிச் சென்ற ஊரில், கோப்புடன் வருபவரிடம் தாய் எளிதில் வாய் திறப்பாளா? மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் அவள் பேசுவாள். அச்சங்கத்திடம் தகவல் கேட்கிறார்கள், தீர்ப்புக் கேட்பதில்லை. பிள்ளையை இல்லத்துக்கு அனுப்புவதை நன்னடத்தை அலுவலரின் அறிக்கையும் நீதவானின் கட்டளையுமே முடிவு செய்கின்றன.

இந்நாட்டின் சிறுவர் இல்லங்களில் வாழ்வோருட் பெரும்பாலோர்க்குத் தாயோ தந்தையோ உயிருடன் உள்ளனர். பலரை அங்கே கொண்டு சேர்த்தது வறுமை. அப்பிள்ளைக்கு இல்லத்திற் செலவாகும் பணத்தை அதன் தாயின் கையிற் கொடுத்துப் பார்ப்போம் என்று முடிவெடுக்க, அவளை நன்கறிந்த அந்தச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை.