உழைப்பும் உயர்வும்: மலாய்க்காரர், சீனர் பற்றிய இரு நூல்கள்

ஒரே நாட்டில், ஒரே ஆட்சியின்கீழ், அடுத்தடுத்து வாழும் இரு இனத்தவருள் ஓரினம் செல்வத்திலும் கல்வியிலும் உயர்ந்தும், மற்றோரினம் தாழ்ந்தும் நிற்குமாயின், அதற்குக் காரணம் யாது? இவ்வினா பொருளியலாருக்கு மட்டும் உரியதன்று. பிரசங்க பீடத்தில் நிற்போர் அனைவரும் அறிந்தோ அறியாமலோ இதற்கு ஒரு விடை கூறியே வருகிறோம். உழைத்தவர் உயர்ந்தனர், சோம்பினவர் தாழ்ந்தனர் என்பதே அவ்விடை. கேட்போருக்கு அது இனிமையாகவும் இருக்கிறது. ஏனெனில் உயர்ந்தவருக்கு அது புகழ்மாலையாகவும், தாழ்ந்தவருக்கு அறிவுரையாகவும் அமைகிறது. ஆயினும் அது உண்மைதானா என்பதை நாம் ஆராய வேண்டும்.

இவ்வாராய்ச்சிக்கு உதவும் இரண்டு நூல்களை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் மலேசிய நாட்டின் மலாய்க்காரரையும் சீனரையும் ஒப்பிட்டு எழுந்த வாதத்தைச் சார்ந்தவை. ஒன்று, மருத்துவரும் அரசியலாளருமான மகாதீர் முகம்மது 1970 இல் வெளியிட்ட ‘மலாய்க்காரரின் இக்கட்டு’. மற்றொன்று, சமூகவியல் அறிஞர் சையது உசேன் அலாத்தாஸ் 1977 இல் வெளியிட்ட ‘சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை’. இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. இருவரும் இஸ்லாமியர். இவற்றை இறையியல் நூல்கள் எனக் கொள்ள இயலாது. ஆயினும் மனிதனைப் பற்றிய ஒரு தீர்ப்பு இவற்றில் அடங்கியிருப்பதால் இறையியல் கற்போர் இவற்றைப் புறக்கணித்தல் ஆகாது.

1. கணக்குகள் கூறுவது

1969 மே 13 அன்று கோலாலம்பூரில் மூண்ட இனக்கலவரத்தில், அரசின் கணக்குப்படியே 196 பேர் மாண்டனர். அதன் பின்னணியில் கிடந்த ஏற்றத்தாழ்வை 1970 ஆம் ஆண்டின் கணக்குகள் தெளிவாகக் காட்டுகின்றன. தீபகற்ப மலேசியாவில் ஒரு மலாய்க் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 172 வெள்ளி. சீனக் குடும்பத்தினது 394 வெள்ளி. இந்தியக் குடும்பத்தினது 304 வெள்ளி. மலாய்க் குடும்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 65 வறுமையில் வாடின. சீனக் குடும்பங்களில் நூற்றுக்கு 26. நிறுவனப் பங்குகளில் மலாய்க்காரரின் உடைமை நூற்றுக்கு 2.4 மட்டுமே.

இக்கணக்குகளை எவரும் மறுத்திலர். வாதம் எழுவது காரணத்தைப் பற்றியே. ஆயினும் இதே கணக்கில் எளிதில் மறக்கப்படும் ஓர் எண்ணையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். நிறுவனப் பங்குகளில் நூற்றுக்கு 60க்கும் மேற்பட்டவை மலாய்க்காரரிடமும் இல்லை, சீனரிடமும் இல்லை. அந்நிய நாட்டாரிடமே இருந்தன. இருவரை மட்டும் நிறுத்தி ஒப்பிடும்போது மூன்றாமவர் கண்ணில் படாமற் போகிறார்.

2. மகாதீரின் வாதம்

மகாதீர் தம் கட்சியினின்று 1969 இல் விலக்கப்பட்டபின் இந்நூல் வெளிவந்தது. மலேசியாவில் தடைசெய்யப்பட்டிருந்த இது, 1981 இல் அவரே பிரதமரானபின் தடை நீங்கிற்று. இதனை நாம் அனுதாபத்தோடு வாசிக்கவேண்டும். ஏனெனில் இது பகைவன் எழுதியதன்று, காயமுற்றவன் எழுதியது. தம் மக்கள் தம் சொந்த மண்ணிலேயே வறியராயினர் என்னும் வேதனை இதன் பக்கங்கள்தோறும் ஒலிக்கிறது. ஆங்கிலேய ஆட்சியின் கொள்கைகளையும் அவர் குறைகூறாமல் விடவில்லை.

ஆயினும் நூலின் ஆபத்தான பகுதி, பரம்பரையும் சுற்றுச்சூழலும் பற்றியது. வளமான மண்ணும் எளிதில் கிடைத்த உணவும் மலாய்க்காரரைத் தளர்த்தின என்றும், நெருங்கிய உறவினருள் மணம் செய்யும் வழக்கம் இனத்தை நலிவுறச் செய்தது என்றும், பஞ்சமும் வெள்ளமும் சீனரில் வலியவரை மட்டும் விட்டுவைத்தன என்றும் அவர் வாதிக்கிறார். மருத்துவராகிய ஆசிரியர் இங்கு அளவீடுகளைக் காட்டாமல் பொதுக்கூற்றுகளையே அடுக்குகிறார்.

இவ்வாதத்திற்கு நாம் இரண்டு மறுப்புகளைக் கூறலாம். முதலாவது, செல்வம் இரத்தத்தில் ஓடுவதாயின், அதே இரத்தத்தவராய்த் தென்சீனத்தின் பூக்கியன், குவாங்துங் மாநிலங்களில் தங்கிவிட்டவர் ஏன் வறுமையில் உழன்றனர்? வறுமையினாலன்றோ அவர்தம் உறவினர் கப்பலேறினர்! இரண்டாவது, வணிகம் மலாய்க்காரரின் இயல்புக்கு ஒவ்வாததாயின், கிளந்தான் மாநிலத்துக் கோத்தா பாரு சந்தையைத் தலைமுறைகளாகத் தம் கையில் வைத்திருக்கும் மலாய்ப் பெண்கள் எந்த இனத்தவர்? ஓர் இனத்தின் இயல்பைப் பற்றிய கூற்று, அவ்வினத்தின் பாதிப்பேரைப் பார்க்க மறந்தால் அது கூற்றாகாது.

3. அலாத்தாஸின் மறுமொழி

அலாத்தாஸ் வேறொரு வினாவை எழுப்புகிறார். மலாய்க்காரர் சோம்பேறிகளா என்று கேட்பதற்கு முன், அவர்களை அவ்வாறு முதலில் அழைத்தவர் யார், எதற்காக அழைத்தனர் என்று அவர் கேட்கிறார். மலாய்க்காரர், பிலிப்பினோக்கள், சாவகர் ஆகிய மூன்று மக்களையும் பற்றி 16 ஆம் நூற்றாண்டு முதல் 20 ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியர் எழுதியவற்றை அவர் ஆராய்கிறார். அவர் கண்டது இது: மலாய்க் குடியானவன் நெல் விளைத்தான், மீன் பிடித்தான், காடு திருத்தினான், படகு கட்டினான். ஆனால் அந்நியனின் ஈயச்சுரங்கத்திலும் தோட்டத்திலும் கூலியாக வர மறுத்தான். அவனுக்குச் சொந்த நிலம் இருந்தது. சுரங்கத்தில் காத்திருந்ததோ நோயும் கடனும் சாவும். அந்த மறுப்புக்கே ‘சோம்பல்’ என்று பெயரிடப்பட்டது. எவனொருவன் முதலாளியின் இலாபத்திற்கு உதவவில்லையோ அவன் உழைக்காதவன் எனக் கணிக்கப்பட்டான்.

மேலும், தீவக்கூட்டத்தின் வணிகர் வகுப்பு இயல்பாக இல்லாதிருந்ததன்று, அழிக்கப்பட்டது என்பதையும் அவர் நினைவூட்டுகிறார். 1511 இல் போர்த்துக்கீசியரிடமும் 1641 இல் டச்சுக்காரரிடமும் வீழ்ந்த மலாக்கா, முன்னர் பன்னாட்டு வணிகர் கூடிய துறைமுகமாயிருந்தது. ஏகபோக வணிகம் சுதேசி வணிகரை ஒழித்தது. ஒழித்தபின் இவர்களுக்கு வணிகம் தெரியாது என்று எழுதிற்று.

இதனினும் கூரிய பகுதி ஒன்று உண்டு. ஆளும் மலாய்க் கட்சியினர் 1971 இல் ‘மனப்புரட்சி’ என்னும் பெயரில் வெளியிட்ட நூலும், மகாதீரின் நூலும், வெள்ளையர் கூறிய அதே பழியைச் சுதேசிகளின் வாயால் திரும்பக் கூறுகின்றன என்று அவர் காட்டுகிறார். ஒடுக்கியவன் தன்னைப் பற்றி வரைந்த சித்திரத்தை ஒடுக்கப்பட்டவன் தன் கண்ணாடியாக ஏற்றுக்கொள்வதே அடிமைத்தனத்தின் ஆழமான நிலை.

அலாத்தாஸின் நூலிலும் குறையுண்டு. அது கருத்தியலின் வரலாறு. ஆட்சியாளரும் அறிஞரும் எழுதியவற்றோடு போரிடுகிறது. கம்பத்துக் குடியானவனின் குரல் அதில் அரிதாகவே கேட்கிறது. பழி பொய்யென நிறுவியபின், 172 வெள்ளிக்கும் 394 வெள்ளிக்கும் இடைப்பட்ட பிளவு எவ்வாறு விளைந்தது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அதற்கு நிலச்சட்டங்களையும் பள்ளிகளையும் நாமே தேடிச் செல்லவேண்டும்.

4. நிலமும் பள்ளியும்

ரப்பர் விலையேறிய காலத்தில் மலாய்ச் சிற்றுழவர் அரசின் உதவியின்றியே பெருமளவில் ரப்பர் நட்டனர். சோம்பேறிகள் செய்யும் செயலன்று இது. 1917 இல் இயற்றப்பட்ட நெல்நிலச் சட்டம், நெல்வயலில் வேறு பயிரிடுவதைத் தடுக்க அதிகாரம் அளித்தது. 1922 முதல் 1928 வரை நடைமுறையிலிருந்த ரப்பர் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சிறு தோட்டக்காரரின் விளைச்சல் குறைத்து மதிப்பிடப்பட்டு, பெருந்தோட்டங்களுக்குச் சலுகை கிட்டியது. 1913 இன் மலாய் ஒதுக்கீட்டு நிலச்சட்டம் நிலம் பிறர் கைக்குப் போகாமல் காத்தது. ஆயினும் விற்க இயலா நிலத்தை அடகு வைத்து முதல் திரட்டுவதும் அரிதாயிற்று. மலாய்க்காரன் நெல்விளைப்பவனாகவே இருத்தல் வேண்டும் என்பது ஆட்சியின் விருப்பம். 1920 ஆம் ஆண்டின் அரசறிக்கை, மீனவன் மகனைத் தந்தையினும் தேர்ந்த மீனவனாக்குவதே கல்வியின் நோக்கம் என்னும் கருத்தை ஒளிவின்றி வெளியிட்டது.

இவ்விடத்தில் திருச்சபை தன் பங்கையும் ஒப்புக்கொள்ளவேண்டும். பெங்களூரில் பிறந்த மெதடிஸ்டு ஊழியர் வில்லியம் ஓல்டாம் 1886 இல் சிங்கப்பூரில் ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் தொடங்கினார். 1895 இல் ஈப்போவிலும் அப்பெயருடைய பள்ளி எழுந்தது. ஆங்கிலக் கல்வி தந்த மிஷன் பள்ளிகள் பெரும்பாலும் நகரங்களில் இருந்தன. நகரங்களில் வாழ்ந்தவர் சீனரும் இந்தியரும். மலாய்க்காரரோ கிராமங்களில் இருந்தனர். மதமாற்றத்திற்கு அஞ்சி மிஷன் பள்ளிகளை விட்டு விலகியும் நின்றனர். 1874 இன் பங்கோர் உடன்படிக்கை மலாய்க்காரரின் மதத்தையும் வழக்கத்தையும் ஆங்கிலேய ஆலோசனைக்கு அப்பாற்பட்டதாக்கியிருந்ததால் அரசும் ஒதுங்கிற்று. எவர்மீதும் தீய எண்ணம் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும் எழுத்தர் வேலைக்கும் வணிகத்திற்கும் வழிதிறந்த ஆங்கிலம் ஓரினத்துப் பிள்ளைகளுக்கு அருகிலும் மற்றோரினத்துப் பிள்ளைகளுக்குத் தொலைவிலும் இருந்தது என்பது உண்மை. இரு தலைமுறை சென்றபின் அவ்விரு பிள்ளைகளையும் ஒப்பிட்டு, ஒருவன் அறிவுடையவன், மற்றவன் மந்தமானவன் என்பது நீதியாகுமா?

5. சராசரியின் மறைவில்

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ‘சீனர்’ என்று ஒரே சொல்லால் குறிக்கும்போது, சுரங்க முதலாளியும், அபினுக்கும் கடனுக்கும் அடிமையாகி மாண்ட சுரங்கக் கூலியும் ஒருங்கே எண்ணப்படுகின்றனர். நொடித்து ஊர் திரும்பியவரும் மாண்டவரும் கணக்கில் வருவதில்லை. எஞ்சியோரைக் கண்டே இனத்தின் திறமையை அளக்கிறோம். 1950 முதல் அவசரகாலச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் ஏழைச் சீனர்.

நம் தமிழ் மக்களின் நிலையும் இதனையே உணர்த்துகிறது. இந்தியரின் சராசரி 304 வெள்ளி, மலாய்க்காரரினும் மேலானது. அதற்குள் யாழ்ப்பாணத்து எழுத்தரும், வட்டித்தொழில் நடத்திய செட்டியாரும், ரப்பர் தோட்டத்துப் பால்மரக் கூலிகளும் அடங்குவர். கங்காணி அழைத்துவந்த அக்கூலியின் வறுமையைச் சராசரி மறைத்துவிட்டது. பணிந்து நடப்பவர் என்று தோட்ட முதலாளிகள் இவர்களை விரும்பினர். அப்பணிவும் இவர்களை உயர்த்தவில்லை. உழைப்பே உயர்வு தருமாயின், விடியுமுன் பால்வெட்டச் சென்ற தமிழ்ப் பெண் அந்நாட்டின் செல்வச்சீமாட்டியாயிருத்தல் வேண்டும்.

1971 இல் மலேசிய அரசு புதிய பொருளாதாரக் கொள்கையை வகுத்தது. இனவேறுபாடின்றி வறுமையை ஒழித்தல், இனத்தையும் தொழிலையும் பிணைக்கும் கட்டை அவிழ்த்தல் என்பன அதன் இரு நோக்கங்கள். 1990 அளவில் தீபகற்பத்தின் வறுமை நூற்றுக்கு 49 இலிருந்து 15 அளவிற்கு இறங்கிற்று. மலாய்க்காரரின் பங்குடைமை 30ஐ எட்டாவிடினும் 19 அளவிற்கு ஏறிற்று. சீனர், மலாய்க்காரர் வருமான இடைவெளியும் பெரிதும் குறைந்தது. அதன் பலன் மேல்தட்டினருக்கே மிகுதியாய்ச் சென்றது, தோட்டத் தமிழர் விடுபட்டனர் என்னும் குறைகளில் உண்மையுண்டு. ஆயினும் நம் வாதத்திற்கு இதுவே போதும்: இருபது ஆண்டுகளில் ஓரினத்தின் இரத்தம் மாறுவதில்லை, பள்ளியும் வேலையும் மாறும். மாறியது எதுவோ அதனிடத்தில்தான் காரணத்தைத் தேடல் வேண்டும்.

6. திருமறையின் ஒளியில்

யோபுவின் நண்பர்கள் அவனுடைய துன்பத்திலிருந்து அவன் குற்றத்தைக் கணித்தனர். முடிவில் ஆண்டவர் கடிந்துகொண்டது அவர்களையே. பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தவன் இவனா பெற்றோரா என வினவிய சீடருக்கு, நம் ஆண்டவர் அவ்வினாவையே தள்ளி மறுமொழி பகர்ந்தார் (யோவான் 9). இவை தனி மனிதரைப் பற்றியவை.

இரு சமூகங்களின் ஏற்றத்தாழ்வு திருச்சபைக்குள்ளேயே எழுந்த சந்தர்ப்பம் அப்போஸ்தலர் நடபடிகள் 6 ஆம் அதிகாரத்தில் உள்ளது. கிரேக்க மொழியினரின் விதவைகள் அன்றாடப் பந்தியில் புறக்கணிக்கப்பட்டனர் என முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர், அவ்விதவைகள் வரிசையில் முந்திவந்து நிற்காத சோம்பேறிகளா என்று விசாரிக்கவில்லை. எபிரேய விதவைகளின் சுறுசுறுப்பையும் புகழவில்லை. பகிர்வில் பிழையுண்டு எனக் கொண்டு, பகிர்வோரை மாற்றினர். தெரிந்துகொள்ளப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதை விரிவுரையாளர் பலர் சுட்டியுள்ளனர். குறைப்பட்டவர் கையிலேயே அகப்பையைக் கொடுத்தது ஆதித்திருச்சபை.

உழைப்பைப் போற்றும் திருமறைப் பகுதிகள் உண்டு. அவற்றை நாம் தள்ளவில்லை. அவை ஒருவன் தன்னையே சோதித்துக்கொள்ளத் தரப்பட்டவை, அயலானின் வறுமைக்கு விளக்கவுரையாகத் தரப்பட்டவையல்ல. நம் சபைகளிலும் ஒரு தெருவினரை முன்னேறியவர் என்றும் மற்றொரு தெருவினரைத் திருந்தாதவர் என்றும் பேசும் வழக்கம் ஒழிந்துவிடவில்லை. அடுத்தமுறை அவ்வார்த்தை நம் நாவில் எழும்போது, அத்தெருவிற்குப் பள்ளி எப்போது வந்தது, நிலம் யாருடையது, அகப்பை யார் கையிலிருக்கிறது என்னும் மூன்று வினாக்களை முதலில் கேட்போமாக. அதன்பின்னும் பிரசங்கம் செய்யப் பொருள் எஞ்சியிருக்கும். ஆனால் அது வேறொரு பிரசங்கமாக இருக்கும்.