மண்ணில் ஓடும் ரோபோ

வாசலில் ஓடவிடப் பெரிய சக்கர ரோபோவை வீட்டிலேயே கட்டுகிறவர்களின் வேலையை அருகில் இருந்து பார்ப்பது எனக்கு அலுக்காத இன்பம். பழைய மின் சக்கர நாற்காலியின் இரண்டு மோட்டார்கள், தொடராக இணைத்த இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள், பற்றவைத்த இரும்புச் சட்டம், ஆழமான வெட்டுள்ள நான்கு டயர்கள்: உடம்பு இவ்வளவுதான். அரம் தேய்த்த விளிம்பில் விரலை ஓட்டினால் பிசிறு தட்டாது. முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் இணைக்கும் சங்கிலியைக் கட்டைவிரலால் நடுவில் அழுத்தி, தொய்வு பார்த்து, போல்ட்டைக் கால் சுற்று இறுக்குவார்கள். மறுபடி அழுத்திப் பார்ப்பார்கள். அந்த அளவு கைக்குத்தான் தெரியும்.

ஓடவிட்டால் முதலில் கொசு ரீங்காரம் போல மோட்டாரிலிருந்து மெல்லிய கீச்சொலி எழும். பிறகு சங்கிலி பற்களில் இறுகும் 'க்ளக்'. அதன் பின் சரளைக்கல் டயருக்கடியில் நறநறக்கும். இடப்பக்கச் சக்கரங்கள் முன்னோக்கியும் வலப்பக்கச் சக்கரங்கள் பின்னோக்கியும் சுழல, வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும். ஈரமண்ணில் பிறை பிறையாகத் தடம் விழும். வழவழப்பான தரையில் நேராகப் போன வண்டி புல்லில் ஒரு பக்கமாக இழுக்கும். அதிர்வில் தளர்ந்த நட்டையும் கழன்ற வயரையும் பொறுமையாகத் தேடிச் சரிசெய்து, மறுபடி வெளியே உருட்டி வருவார்கள். மாமரத்து வேர்முண்டை அது மெல்ல ஏறி இறங்கி நின்றதும், கட்டியவர் குனிந்து மோட்டாரைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பார். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற அதே கை.