அங்காடியும் ஆற்றுமணலும்

பொருளை மேன்மேலும் வாங்கிச் சேர்த்தலே வாழ்வின் பயன் என்று எண்ணும் போக்கு இன்று வலுப்பெற்றுள்ளது. தேவை கருதிக் கடைக்குச் சென்ற காலம் போய், ஓய்வுப் பொழுதைக் கடையிற் கழிக்கும் காலம் வந்தது. கைப்பேசி பரவியபின் அங்காடி வீட்டிற்குள்ளேயே புகுந்துவிட்டது. இதனை மறுக்க முனைவோர் சங்கப் பாடல்களைத் துணைக்கழைத்தல் உண்டு. சங்ககால மக்கள் எளிய வாழ்வினர், இயற்கையோடு இயைந்தவர், பொருளை வெறுத்தவர் என்பர். முதலிரண்டு கூற்றும் ஓரளவு பொருந்தும். மூன்றாவது பொருந்தாது. பொருளின் அருமையை நன்கறிந்தும், அதனினும் சிறந்தது ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் மனநிலையே அப்பாடல்களிற் காணப்படுவது. இதனைச் சில பாடல்கள் கொண்டு ஆராய்வோம்.

முதற்கண் பட்டினப்பாலையை நோக்குக. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இப்பாட்டு 301 அடிகளை உடையது. கடல்வழி வந்த குதிரைகள், மிளகு மூடைகள், வடமலைப் பொன்னும் மணியும், மேற்குமலைச் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடற் பவளம், ஈழத்து உணவு, காழகத்துப் பொருள் என்று காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் மண்டிக் கிடக்கும் வளத்தைப் புலவர் அடுக்கிக் கூறுகின்றார். அவ்வணிகரையும் அவர் இகழவில்லை; மிகுதியாக வாங்காமலும் குறைவாகக் கொடாமலும் நடக்கும் நடுவுநிலையாளர் எனப் பாராட்டுகின்றார். இவ்வளவும் கூறிய பின்னரே, இத்தகைய பட்டினத்தையே பெறுவதாயினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்று தலைவன் தன் நெஞ்சிற்கு உரைக்கின்றான்.

நகர வருணனை நீண்டுவிட்டது, அகப்பொருள் சிறிதாயிற்று என்று குறை கூறுவாரும் உளர். அக்குறை பொருந்தாது. மறுக்கப்படும் பொருள் எவ்வளவு பெரிது என்பதை அறிந்தாலன்றி மறுப்பின் பெருமை விளங்காது. அங்காடியின் வளம் அத்துணை விரிவாகப் பேசப்படுதல், அதனை விடுக்கும் உள்ளத்தின் உறுதியைக் காட்டுதற்கே யாகும். அறியாமையால் துறத்தல் வேறு. அறிந்து தேர்தல் வேறு.

தேர்ந்துகொள்ளப்படுவது யாது? இல்லறத்து அன்பு என்பது பட்டினப்பாலை தரும் விடை. வேறொரு விடையைப் புறநானூற்றின் 243ஆம் பாடல் தருகின்றது. தொடித்தலை விழுத்தண்டினார் பாடியது அது. ஊன்றுகோல் பற்றி நடுங்கி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசவல்ல முதியவர் ஒருவர் தம் இளமையை நினைந்து இரங்குகின்றார். அவர் நினைவுக்கு வருவன யாவை? மணலிற் பாவை செய்து பூச்சூட்டிய சிறுமியரோடு கைகோத்துக் குளத்தில் ஆடியது. கள்ளமறியாத் தோழரோடு, நீரின்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறியது. கரையில் நின்றார் வியக்கும்படி ஆழ்மடுவிற் குதித்து மூழ்கி, அடிமணலை அள்ளிவந்து காட்டியது. இவையே.

இப்பாடலின் துறை கையறுநிலை. எளிய வாழ்வை அறிவுறுத்தும் பாட்டாக இதனைக் கொள்ளுதல் தவறாகும். எனினும் ஒன்று கருதற்பாலது. வாழ்நாளின் எல்லையில் நின்று திரும்பிப் பார்ப்பவர் தாம் ஈட்டிய பொருளைப்பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. வெயிலும் நீரும் தோழமையுமாகக் கழிந்த பொழுதே அவருக்கு மீட்க இயலாத செல்வமாகத் தோன்றுகின்றது. அவர் கையில் எடுத்துக்காட்டியது எவ்விலைக்கும் விற்கப்படாத ஒரு பிடி மணலேயன்றோ?

ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சியில் 203ஆம் பாடலும் இங்கு நோக்கத்தக்கது. தலைவனோடு அவன் மலைநாடு சென்று மீண்ட தலைவியை, அந்நாட்டு நீரை எவ்வாறு உண்டாய் என்று தோழி வினவினாள் என்பது துறைவிளக்கம். நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலினும், தழை மூடிய கிணற்றின் அடியில் மான் உண்டு எஞ்சிய கலங்கல் நீர் இனிது என்கின்றாள் தலைவி. தேனையும் பாலையும் அறியாதவள் கூறிய சொல் அன்று இது. பொருளின் சுவையை அதன் விலையும் தூய்மையும் மட்டும் முடிவு செய்வதில்லை. யாருடன், எவ்விடத்தில் உண்டோம் என்பதும் முடிவு செய்கின்றது.

இவ்விடத்து ஒரு தடை எழும். எளிமையைப் போற்றுதல் வறுமையைப் போற்றுதலாக முடியாதோ? இத்தடையைப் புறக்கணித்தல் ஆகாது. சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் காட்டும் அடுக்களையில், கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையைக் கவ்வ, ஈன்ற நாய் வலியாற் குரைக்கின்றது. கிணைமகள் வேளைக்கீரையைக் கிள்ளி, உப்புமின்றி வேகவைக்கின்றாள். பிறர் காண நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கின்றாள். அக்கீரையை எளிய உணவு என்று புகழ யாருக்கு மனம் துணியும்? அவள் அதனைத் தேர்ந்துகொள்ளவில்லை. அது அவள்மேற் சுமத்தப்பட்டது. தேன்கலந்த பாலை விட்டவளுக்கும் உப்பையும் பெறாதவளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சங்கப் புலவர் நன்கறிந்திருந்தனர். அதனை நாம் மறந்தால், வயிறு நிறைந்தவர் பசித்தவர்க்குக் கூறும் அறிவுரையாக நம் திறனாய்வு தாழ்ந்துவிடும்.

இத்தடைக்கு விடை நக்கீரனாரின் புறப்பாட்டில் (189) உள்ளது. கடல்சூழ் நிலம் முழுவதும் ஆள்வோனுக்கும், நள்ளிரவிலும் நண்பகலிலும் துயிலாது விலங்கின்பின் ஓடும் கல்லாத வேட்டுவனுக்கும் உணவின் அளவும் உடையின் எண்ணிக்கையும் ஒன்றே என்கின்றார் அவர். இதனோடு நிறுத்தியிருப்பின் அது வெறும் நிலையாமைக் கருத்தாக முடிந்திருக்கும். அவரோ, ஆதலால் செல்வத்தின் பயன் ஈதல் என்று மேற்செல்கின்றார். நாமே துய்ப்போம் எனின் இழப்பன பல என்று முடிக்கின்றார். தேவைக்கு எல்லை காண்பது மிஞ்சியதைப் பிறர்க்கு உரியதாக்கும் பொருட்டேயாம். கிணைமகள் வீட்டு அடைத்த கதவைத் திறக்கவல்லது அவ்வீகையே.

ஆதலின், சங்க இலக்கியம் காட்டும் எளிமை மூன்று கூறுகளை உடையது எனலாம். அது அறிந்து தேர்வது. பொருளுக்கு மாறாகப் பொழுதையும் உறவையும் பெறுவது. எஞ்சியதைப் பிறர்க்கு அளிப்பது. இவற்றுள் ஒன்று குறையினும் எளிமை என்ற பெயர் பொருந்தாது. வாங்குதலைக் குறைத்து ஆற்றங்கரையில் மாலைப்பொழுதைக் கழிப்பவர் முதலிரண்டையும் அடைந்தவர் ஆவர். மூன்றாவதையும் அவர் அடையின், நக்கீரனார் நெறியிற் சென்றவர் என அவரைக் கூறுதல் தகும்.